மாணவர் இசை நாடகம்: ட்ராக் போடுவதா, நேரடி இசையா? ஆடிக்கொண்டே பாடினால் மூச்சு வாங்குகிறது, மைக் விசிலடிக்கிறது

அரங்கவாசல்:
எல்லோருக்கும் வணக்கம். பள்ளியில் நாடகம் கற்றுத்தருகிறேன். 13 முதல் 16 வயது வரையுள்ள 24 மாணவர்கள், 60 நிமிட இசை நாடகம், 9 பாட்டு. கதையும் மெட்டும் நாங்களே எழுதியவை. அரங்கேற்றத்துக்கு 10 வாரம் இருக்கிறது. பாட்டு, ஆட்டம், வசனம் மூன்றும் பார்வையாளர் கண்முன்னே அந்த நேரத்தில் பிறக்க வேண்டும். இசை நாடகத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது என்று நம்புகிறேன். அதனால் வாயசைப்பு கிடையாது, 9 பாட்டையும் மேடையிலேயே பாடப்போகிறார்கள்.

சிக்கல் மூன்று இடத்தில். இசையைப் பதிவு ட்ராக்கில் விடுவதா, கீபோர்டும் தாளமும் நேரில் வாசிப்பதா? ஆட்டம் உள்ள பாட்டுகளில் இரண்டாவது சரணத்திலேயே மூச்சு வாங்கி, சுருதி இறங்கிவிடுகிறது. கம்பியில்லா மைக் 6 மட்டுமே உண்டு. எல்லாவற்றையும் திறந்தால் விசில் வருகிறது. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

கறுப்புக்கட்டை:
ஒரே ஒரு கீபோர்டுதான் என்றாலும் நேரில் வாசியுங்கள். ட்ராக் யாருக்காகவும் காத்திருக்காது. பார்வையாளர் எதிர்பாராத இடத்தில் சிரிப்பார்கள், கைதட்டுவார்கள். நடிகர் நின்று அதை வாங்கிக்கொள்ள வேண்டும். ட்ராக் ஓடிக்கொண்டிருந்தால் அடுத்த வசனம் அந்தச் சத்தத்தில் மூழ்கும், இல்லையென்றால் பாட்டைத் தவறவிடுவார்கள்.

வசனத்துக்குக் கீழே பின்னணி ஓடும் இடங்களில் இரண்டு ஆவர்த்தனத்தை, அதாவது தாளத்தின் இரண்டு முழுச் சுற்றை, திரும்பத் திரும்ப வாசியுங்கள். பாட்டுக்கு முந்தைய வசனத்தின் கடைசிச் சொல் விழுந்ததும், நடக்கிற சுற்றை முடித்துவிட்டுப் பாட்டுக்குள் போக வேண்டும். அந்தக் கடைசிச் சொல்லை மாணவர் மாற்றிவிட்டால் வாசிப்பவர் தடுமாறுவார். எனவே அந்த ஒரு சொல் மட்டும் எழுதியபடியே வர வேண்டும். யாராவது ஒரு சரணத்தைத் தாண்டிக் குதித்தால் வாசிப்பவரும் கூடவே குதிக்க வேண்டும், பின்னால் இழுக்கக் கூடாது.

முதல் மூன்று வாரம் வலது கையில் மெட்டையே வாசித்துக் கொடுங்கள். பிறகு மெட்டை எடுத்துவிட்டு வெறும் பின்னணியோடு பாட வையுங்கள். கடைசி வாரத்தில் திடீரென்று எடுத்தால் பாதிப் பேர் தொலைந்துபோவார்கள்.

கட்டையையும், அதாவது பாட்டு எந்தச் சுருதி உயரத்தில் என்பதையும், இப்போதே முடிவு செய்யுங்கள். ஒவ்வொருவரும் சிரமமில்லாமல் தொடும் உச்ச ஸ்வரத்தைக் குறித்துக்கொண்டு, பாட்டில் திரும்பத் திரும்ப வரும் உச்சத்தை அதற்கு ஒரு முழுக் கட்டை கீழே வையுங்கள். குரல் உடையும் வயதுப் பையன்களை ஆறாவது வாரத்தில் மறுபடி சோதிக்க வேண்டும். இரண்டு கட்டைக்கு எழுதியதை ஒன்றரைக்கு இறக்க நேர்ந்தால் கீபோர்டின் சுருதி மாற்றும் பட்டனை ஒரு முறை அழுத்தினால் போதும். ஆனால் பாட்டு முடிந்ததும் அதைப் பூஜ்யத்துக்குத் திருப்ப மறந்தால் அடுத்த பாட்டு தப்பான சுருதியில் தொடங்கும். தாளின் மேலும் கீழும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

வாசிப்பவர் மேடை ஓரத்தில், நடிகர் கண்ணில் படும்படி இருக்கட்டும். 17 மீட்டர் தள்ளி அரங்கின் பின்பக்கம் உட்கார வைத்தால் ஒலி வந்துசேர 50 மில்லிசெகண்ட் ஆகும். அதைக் கேட்டுப் பாடினால் தாளம் இழுபடும். மேடையை நோக்கி ஒரு சின்ன மானிட்டர் ஸ்பீக்கர் கட்டாயம் வேண்டும்.

ட்ராக்கை விட்டால் வழியே இல்லை என்றால், ஒரு பாட்டை ஒரே கோப்பாக வைக்காதீர்கள். முன்னிசை, சுற்று, பாட்டு, முடிவு என்று துண்டாக்குங்கள். கியூலேப் போன்ற மென்பொருளில் சுற்றை ஓடவிட்டு, ஒரு பட்டன் அழுத்தினால் அந்தச் சுற்று முடிந்ததும் அடுத்த துண்டுக்குப் போக வைக்கலாம்.

சலங்கை:
மூச்சு விஷயம். குதித்து இறங்கியதும் மாணவர் தோளைத் தூக்கி மேலோட்டமாக மூச்சு இழுக்கிறார். அந்தக் காற்று நீண்ட வரியின் கடைசிவரை சீராக வராது. அதனால் வரி முடியும் இடத்தில் சுருதி தொங்குகிறது. குரலைத் திருத்துவதற்கு முன் ஆட்டத்தைத் திருத்துங்கள்.

பாட்டுத் தாளில் மூச்சு எடுக்கும் இடங்களைப் பென்சிலால் குறித்துவிட்டு, அதன் மேல் அசைவை எழுதுங்கள். குதிப்பு, சுழற்சி, ஓட்டம் எல்லாம் இடையிசையில். நீண்ட ஸ்வரத்துக்கு முந்தைய நான்கு தட்டில் கால் தரையில் ஊன்றியிருக்க வேண்டும், கை மட்டும் ஆடலாம். உச்ச ஸ்வரத்தில் தலையைப் பின்னால் சாய்க்கும் அசைவு வைக்காதீர்கள், தொண்டை இறுகும்.

பழக்கும் வரிசை முக்கியம். முதலில் அசையாமல் நின்று பாட்டு. தனியாக ஆட்டம். அதன் பிறகு ஆடிக்கொண்டே வரிகளைத் தாளத்தோடு பேசுவது. இந்தப் படியைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், மூச்சு எங்கே உடைகிறது என்று காட்டிக்கொடுப்பதே இதுதான். அதற்குப் பிறகு நடந்தபடி பாட்டு, கடைசியில் முழு ஆட்டத்தோடு பாட்டு. எட்டாவது வாரத்திலிருந்து ஆட்டப் பாட்டுகளை இடைவெளி விடாமல் இரண்டு முறை ஓடவிடுங்கள், தெம்பு வரும்.

24 பேரும் ஒரே நேரத்தில் துள்ள வேண்டியதில்லை. 12 பேர் ஆட, 12 பேர் அளவான அசைவோடு நின்று பாட்டைத் தாங்கட்டும். சரணம் மாறும்போது மாற்றிக்கொள்ளலாம். கூட்டமாக நீட்டும் இடத்தில் பக்கத்தில் நிற்பவர் மூச்சு எடுக்கும்போது நீங்கள் எடுக்கக் கூடாது என்று ஒற்றைப்படை, இரட்டைப்படை எண் கொடுத்துப் பிரித்துவிடுங்கள், பாட்டில் ஓட்டை விழாது.

ஃபேடர்:
திறந்திருக்கும் மைக் எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் விசில் வராமல் ஏற்றக்கூடிய அளவில் 3 டெசிபெல் போகும். 6 மைக்கும் திறந்தால் ஒரு மைக்கோடு ஒப்பிடும்போது சுமார் 8 டெசிபெல் நஷ்டம். ஆகவே ஒலிப்பலகையில் ஒவ்வொரு மைக்கின் ஒலியையும் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை வரிக்கு வரி தள்ள வேண்டும்: பேசுகிறவர் மேலே, மற்றவர்கள் கீழே. பிரதியை முழுக்கத் தெரிந்த ஒரு மாணவரை இதற்கென்றே உட்கார வையுங்கள், அவரும் நாடகக் குழுவில் ஒருவர்தான். இருவர் முகத்தோடு முகம் நெருங்கினால் ஒரு மைக்கை மூடுங்கள். இல்லையென்றால் ஒரே குரல் இரண்டு மைக்கிலும் நுழைந்து தகர டப்பாவுக்குள் பேசுவதுபோல் கேட்கும்.

6 மைக்கும் தனிப்பாட்டுக்காரர்களுக்கு. கோரஸுக்கு மேடை விளிம்பில் தரையோடு ஒட்டி வைக்கும் தட்டை மைக் இரண்டோ மூன்றோ போதும். அடியில் மெல்லிய ஸ்பாஞ்ச் வையுங்கள், காலடிச் சத்தம் குறையும். ஸ்பீக்கர் எல்லா மைக்குகளுக்கும் முன்னால், பார்வையாளரை நோக்கி இருக்கட்டும். குரல் மைக்குகளில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள தாழ்ந்த ஒலியை வெட்டிவிடுங்கள்.

சட்டைக் காலரில் குத்தாதீர்கள். துணி உரசும், தலை திரும்பினால் குரல் மறையும். நெற்றி முடியோரம் அல்லது கன்னத்தில் மருத்துவ டேப்பால் ஒட்டுங்கள். வியர்வை வயர் வழியாக மைக் முனைக்குள் இறங்கினால் குரல் அடைத்துவிடும். முனைக்குச் சற்று முன்னால் வயரைச் சின்ன வளையமாக்கி ஒட்டினால் சொட்டு அங்கேயே நின்றுவிடும். இடுப்புப் பெட்டியின் ஸ்விட்ச் மேல் டேப் போடுங்கள், அணைப்பதும் திறப்பதும் ஒலிப்பலகையில் மட்டும். ஒவ்வொரு முறை நாடகம் போடும்போதும் புது பேட்டரி.

எந்த மைக் எந்தக் காட்சியில் யாரிடம் என்று அட்டவணை போட்டுப் பக்கத் திரைக்குப் பின்னால் ஒட்டுங்கள். கை மாற்ற குறைந்தது 2 நிமிடம் கிடைக்கும்படி பாருங்கள்.

கறுப்புக்கட்டை சொன்ன நேரடி இசையோடு உடன்படுகிறேன், ஆனால் டிரம் செட் மட்டும் வேண்டாம். அந்த வயதுக் குரலை அது விழுங்கிவிடும், ஒலிப்பலகையில் அதைக் குறைக்கவும் வழியில்லை. கஹோன் (மேலே உட்கார்ந்து கையால் தட்டும் மரப்பெட்டி) அல்லது எலக்ட்ரானிக் பேட் வையுங்கள்.

அரங்கவாசல்:
மூவருக்கும் மிக்க நன்றி. கீபோர்டும் கஹோனும் என்று முடிவாகிவிட்டது. வாத்தியங்களை எந்த வாரத்தில் மாணவர்களோடு சேர்ப்பது?

கறுப்புக்கட்டை:
கீபோர்டு முதல் நாளிலிருந்தே. கஹோன் ஏழாவது வாரம். அன்று நடிப்பு, ஆட்டம் எதுவும் வேண்டாம், எல்லோரும் உட்கார்ந்து 9 பாட்டையும் வாத்தியங்களோடு பாடட்டும். ஒன்பதாவது வாரம் விளக்கு, ஒலி, மைக் மாற்றம் மட்டும் பார்க்கும் ஒத்திகை. நடு வசனத்தைத் தாண்டி, மாற்றம் வரும் இடங்களுக்கு மட்டும் போங்கள், மாணவர்கள் குரலை ஏற்றாமல் மெதுவாகப் பாடட்டும். பத்தாவது வாரம் உடை ஒத்திகை இரண்டு. இரண்டாவதுக்கு 20 பேரையாவது கூப்பிட்டு உட்கார வையுங்கள். சிரிப்பும் கைதட்டலும் எங்கே விழுகிறது என்று அன்றுதான் தெரியும், அந்த இடங்களில் எத்தனை சுற்று வாசித்துக் காத்திருப்பது என்பதை அன்றைக்கே தாளில் எழுதிக்கொள்ளலாம்.