2-ஏபிபி கால்சியம் நுழைவைத் தடுக்கிறதா, தூண்டுகிறதா?

கேள்வி:
வணக்கம். எச்இகே 293 என்னும் மனிதச் சிறுநீரகச் செல்களில், கால்சியத்தைக் காட்டும் ஃபியூரா-2 சாயமேற்றி, கால்சியம் இல்லாத கரைசலில் கால்சியப் பம்பை நிறுத்தும் தாப்சிகார்கினை 1 மைக்ரோமோலார் கொடுத்து எண்டோபிளாச வலையின் கால்சியச் சேமிப்பைக் காலிசெய்த பிறகு, வெளியே 2 மில்லிமோலார் கால்சியம் சேர்த்து, உள்ளே நுழைவதை அளக்கிறேன். அந்த ஏற்றம் நிலைத்து நிற்கும்போது 50 மைக்ரோமோலார் 2-ஏபிபி சேர்த்தால், கோடு முதலில் ஒரு சிறு துள்ளலாக எழும்பி, அதன் பிறகே சரிகிறது. 5 மைக்ரோமோலாரில் சரிவே இல்லை. உள்ளே உள்ள கால்சியத்தைக் காட்டும் 340/380 விகிதம் இன்னும் ஏறுகிறது. தடுப்பான் என்று சொல்லித்தான் இதைக் கொடுத்தார்கள். மருந்து கெட்டுவிட்டதா?

மறுமொழி 1:
மருந்து நன்றாகவே இருக்கிறது. 1997-இல், சேமிப்பிலிருந்து கால்சியத்தை வெளிவிடும் ஐபி3 ஏற்பியைத் தடுக்கும் பொருளாக அறிமுகமான இது, பிறகு செல்சவ்வில் கால்சியத்தை உள்ளே விடும் ஓராய்1 வாயிலின் மீதே இரட்டை விளைவு கொண்டது என்று தெரியவந்தது: குறைந்த செறிவில் நுழைவைக் கூட்டும், 50 மைக்ரோமோலார் அளவில் சற்றுக் கூட்டிவிட்டு அடக்கும். நீங்கள் பார்த்த துள்ளல் அதுதான். தாப்சிகார்கின், ஐபி3 ஏற்பியின் துணையின்றியே சேமிப்பைக் காலிசெய்துவிடுவதால், இந்த விளைவை அந்த ஏற்பியின் கணக்கில் எழுத முடியாது. தாப்சிகார்கின் கொடுக்காத செல்களிலும் 50 மைக்ரோமோலார் சேர்த்துப் பாருங்கள். அங்கும் ஏறினால் அதன் உறவான ஓராய்3-ஐச் சந்தேகிக்கலாம், ஏனெனில் அந்த வாயிலை இம்மூலக்கூறு, சேமிப்பு காலியானதை உணரும் ஸ்டிம்1 புரதம் இல்லாமலே திறக்கும்.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் 2-ஏபிபி ஒன்றை மட்டும் வைத்து முடிவெழுதுவது, என் பார்வையில், ஆபத்தானது. அது வேறு அயனி வாயில்களையும் தொடும்: டிஆர்பிஎம்7-ஐத் தடுக்கும், டிஆர்பிவி3-ஐத் திறக்கும். ஓராய் வாயிலை அடைக்கும் கடோலினியத்தை 1 முதல் 5 மைக்ரோமோலார் வரை சேர்த்து ஒப்பிடுங்கள். கரைசலில் பாஸ்பேட்டும் பைகார்பனேட்டும் இருக்கக் கூடாது. இருந்தால் கடோலினியம் அவற்றோடு சேர்ந்து வீழ்படிவாகிவிடும், வாயில் திறந்தபடியே இருக்கும். பிடிபி2 என்ற மற்றொரு தடுப்பானைப் பயன்படுத்துவதானால் செல்களை அதில் முன்கூட்டியே ஊறவிட வேண்டும், அது மெதுவாகத்தான் பிடிக்கும். அதுவும் டிஆர்பிஎம்4-ஐத் தூண்டக்கூடியது என்பதை மறக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. தாப்சிகார்கின் இல்லாத செல்களில் இன்று பார்த்தேன். 50 மைக்ரோமோலாரில் கோடு அசையவில்லை. கடோலினியத்தைச் சென்ற மாதமே ஹேங்க்ஸ் கரைசலில் போட்டுப் பார்த்து, "தடுக்கவில்லை" என்று குறிப்பேட்டில் எழுதியிருந்தேன். அதில் பாஸ்பேட், பைகார்பனேட் இரண்டுமே உண்டு. அவை இல்லாத ஹெப்பிஸ் கரைசல் தயாரித்து அந்தச் சோதனையை மறுபடி செய்கிறேன்.