பிளை கட்டரில் சீவினால் நடுவில் படி விழுது, ஆனா டயல் எல்லாம் சரின்னு சொல்லுது. உதவுங்க

இரும்புத்தூள்:

எல்லாருக்கும் வணக்கம். மேஜை மேல வைக்கிற சின்ன மில்லிங் மெஷின், வாங்கி நாலு மாசம் ஆகுது. சதுரக் காலம் (பின்னாடி நிக்கிற தூண்), அதுல ஹெட் ஏறி இறங்க டவ்டெயில் ஸ்லைடு (புறா வால் வடிவத் தடம்), ஹெட் இடம் வலமா சாயும், எம்டி3 அளவு ஸ்பிண்டில் (கட்டரைப் பிடிச்சுச் சுத்தற தண்டு). உருப்படியா எந்த ஜாப்பும் இன்னும் பண்ணல. மெஷினுக்கு வேண்டிய சாமானையே மெஷின்ல செஞ்சுக்கிட்டு இருக்கேன். டி-நட் (டேபிள்ல இருக்கற டி வடிவப் பள்ளத்துல, அதாவது டி-ஸ்லாட்ல, மாட்டற நட்) எட்டு முடிஞ்சது, கிளாம்ப் பட்டை நாலு முடிஞ்சது, 60 மி.மீ. விட்டத்துல சுத்தற பிளை கட்டர் (ஒரே பிட் சுத்திச் சீவற கட்டர்) ஒண்ணும் முடிஞ்சது.

இப்ப கையில இருக்கறது ஃபிக்ஸர் பிளேட், அதாவது ஜாப்பைப் பிடிச்சு வைக்கிற தட்டு. அலுமினியம், 200க்கு 120, கனம் 20. டேபிள்ல போல்ட் பண்ணி வச்சு, மேல வரிசையா எம்8 மரை ஓட்டை போடணும். அதுக்கு முன்னாடி மேல் முகத்தை மட்டமா சீவணும் இல்லையா, அங்கதான் பிரச்சனை. எக்ஸ் பக்கமா (இடம் வலம்) ஃபீட் குடுத்து, அதாவது டேபிளை நகர்த்தி, ஒரு ஓட்டு, ஒய்யில (முன் பின்) 35 மி.மீ. நகர்த்தி அடுத்த ஓட்டு. இரண்டு ஓட்டும் சேர்ற இடத்துல ஒரு படி விழுது. பார்வைக்கு அவ்வளவா தெரியல, நகத்துக்குத் தெரியுது. பின்பக்கத்துலேருந்து என் பக்கமா நகத்தை இழுத்தா மாட்டுது, திருப்பித் தள்ளினா வழுக்கிக்கிட்டுப் போயிடுது. டயல் (முள் வச்ச அளவுக் கருவி) வச்சு அளந்தா 0.03 மி.மீ. வருது.

ஹெட்டை ஒழுங்கா மட்டம் பார்த்துதான் வச்சேன். ஸ்பிண்டில்ல ஒரு கம்பியைக் கை மாதிரி மாட்டி, அதுல லீவர் டயலை வச்சு டேபிள் மேல சுத்தினேன். இடம் வலம் 0.01க்குள்ள நிக்குது, முன் பின் 0.03. வேற எதைப் பார்க்கணும்?

சத்தம் வேணாம்:

பேக்லாஷா (டேபிள் ஸ்க்ரூவுல இருக்கற தொளதொளப்பு) இருக்கும். கட்டர் போற திசையிலயே ஃபீட் குடுத்தா டேபிளை இழுத்துக்கும், படி விழும். எதிர்த் திசையில ஓட்டிப் பாருங்க. இல்லைன்னா ஸ்பிண்டில் பேரிங் போயிருக்கும்.

இரும்புத்தூள்:

இரண்டு திசையிலயும் ஓட்டிட்டேன் நண்பா, அதே படிதான். பேரிங்னு சொன்னதும் பயமாயிடுச்சு. ஸ்பிண்டிலைக் கையால தள்ளி இழுத்து டயல்ல பார்த்தேன், முள் அசையவே இல்ல.

அரை மில்லி:

பேரிங்கைக் கழட்டிடாதீங்க! பேக்லாஷும் இல்ல. பேக்லாஷ் டேபிளை முன்னபின்ன இழுக்கும், உயரத்தை மாத்தாது.

ஒண்ணு கேக்கறேன். சீவின முகத்துல வளைவுக் கோடு எப்படி விழுந்திருக்கு? ஒரே பக்கம் வளைஞ்ச கோடா, இல்ல எதிரும் புதிருமா பாய் பின்னின மாதிரியா?

இரும்புத்தூள்:

பாய் பின்னின மாதிரிதான், அழகா இருக்கு. அதனாலதான் ஹெட் சரியா இருக்குன்னு நம்பினேன்.

அரை மில்லி:

பாதி நியாயம். ஃபீட் போற திசையில, அதாவது எக்ஸ்ல, ஹெட் சாஞ்சிருந்தா கட்டரோட முன் பாதியோ பின் பாதியோ ஒண்ணுதான் உலோகத்தைத் தொடும், கோடு ஒரே பக்கமா வளையும். உங்களுக்குப் பின்னல் வருதுன்னா எக்ஸ்ல குறை இல்ல. ஆனா ஒய்யில எவ்வளவு சாஞ்சிருந்தாலும் பின்னல் வந்துக்கிட்டேதான் இருக்கும். ஒவ்வொரு ஓட்டும் ஒரு சரிவான பட்டையா வெட்டும், பட்டையும் பட்டையும் சேர்ற இடத்துல ஓடு மேஞ்ச மாதிரி படி நிக்கும்.

நகம் மாட்டற திசையும் அதையேதான் சொல்லுது. என் பக்கமா இழுத்தா மாட்டுதுன்னா, ஒவ்வொரு பட்டையும் உங்க பக்கம் தாழ்ந்து இருக்கு. ஹெட் முன்னாடி தலை குனிஞ்சிருக்கு.

எவ்வளவு குனிஞ்சிருக்குன்னும் படியை வச்சே சொல்லிடலாம். 35 மி.மீ. நகர்த்தினதுக்கு 0.03 படி. டயலை எவ்வளவு விட்டத்துல சுத்தினீங்க?

இரும்புத்தூள்:

140. டேபிள் அகலம் 160தான், அதுக்கு மேல போக முடியல.

அரை மில்லி:

அப்ப 140க்கு 0.12 சாய்வு இருக்கணும். டயல் 0.03தான் காட்டினதுன்னு சொல்றீங்க. நாலு மடங்கு வித்தியாசம். அளந்ததுல தப்பு இருக்கணும், இல்லைன்னா அளக்கும்போது இருந்த மெஷினும் வெட்டும்போது இருந்த மெஷினும் வேற வேற.

முதல்ல அளவைச் சந்தேகப்படுங்க. டேபிள் மேல நேரா சுத்தினா டி-ஸ்லாட் ஓரத்துல டயல் முனை தடுக்கும், முள் குதிச்சு வேற எடத்துல உக்காந்துடும். பழைய பெரிய பேரிங்கோட வெளி வளையம் கிடைச்சா டேபிள்ல படுக்க வச்சு அது மேல சுத்துங்க. இரண்டு முகமும் கிரைண்ட் ஆனது, இணையா இருக்கும். ஒரு தடவை அளந்துட்டு வளையத்தை அரைச் சுத்து திருப்பி மறுபடி அளங்க. குறை வளையத்தோட சேர்ந்து சுத்தினா வளையத்தோட தப்பு. இருந்த இடத்துலயே நின்னா மெஷினோட தப்பு.

பழைய ஃபிட்டர்:

தம்பி, வளையம் எல்லாம் நல்லதுதான், வாங்கி வச்சுக்கோ. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். டயல் சுத்தறப்ப இசட் லாக் (ஹெட்டை ஏறி இறங்காம பிடிக்கிற திருகு) டைட்டா, லூஸா? சீவறப்ப?

இரும்புத்தூள்:

ஐயா, அளக்கும்போது டைட் பண்ணித்தான் அளந்தேன். சீவும்போது... ஒவ்வொரு தடவையும் 0.1தான் இறக்கறேன், அதுக்கு எதுக்கு லாக்னு போடல.

பழைய ஃபிட்டர்:

வந்துச்சா விஷயம் வெளியில. மோட்டாரும் ஸ்பிண்டிலும் சேர்ந்து ஹெட் என்ன கனம்னு தூக்கிப் பாத்திருப்ப. அந்தக் கனம் முழுக்க காலத்துக்கு முன்னாடி தொங்குது. டவ்டெயில்ல கிப் (இடைவெளியை அடைக்கற பட்டை) லூஸா இருந்தா ஹெட் மேல் பக்கம் விட்டுக்கும், முன்னாடி குனியும். லாக்கைத் திருகினா கிப் அழுத்தி ஹெட்டைக் காலத்தோட ஒட்ட வச்சிடும். நீ நிமிர்த்தி வச்சு அளந்துட்டு, குனிய விட்டு வெட்டிருக்க.

லாக்கை லூஸ் பண்ணிட்டு அளந்து சொல்லு.

இரும்புத்தூள்:

சாயங்காலம் பேரிங் வளையம் ஒண்ணு தேத்திட்டேன், துரு துடைச்சுப் படுக்க வச்சாச்சு. திருப்பி வச்சும் அளந்தேன், வளையத்துல குறை இல்ல.

லாக் டைட்: 140க்கு 0.03, முன்பக்கம் முள் கூடுதல்.
லாக் லூஸ்: 0.12, அதே முன்பக்கம்.

அரை மில்லி கணக்கு அச்சு அசலா வந்திருக்கு, மிரண்டுட்டேன்.

அரை மில்லி:

டயல் பொய் சொல்லலைன்னு நிம்மதி. நாமதான் தப்பான கேள்வியைக் கேட்டிருக்கோம்.

பழைய ஃபிட்டர்:

இப்ப கிப்பைப் பிடி. ஹெட்டுக்கு அடியில டேபிள்ல ஒரு மரக்கட்டையை வச்சு ஹெட்டைத் தாங்க விடு. இல்லன்னா ஸ்க்ரூவைத் தொட்டதும் சரசரன்னு இறங்கும், விரல் போயிடும். கிப் ஸ்க்ரூ எல்லாத்தோட லாக் நட்டையும் தளர்த்து. ஸ்க்ரூவை லேசா தொடற வரைக்கும் திருகி, அங்கேருந்து கொஞ்சம் கொஞ்சமா. மேலேயும் கீழேயும் ஒரே அளவு. நட்டை டைட் பண்றப்ப ஸ்க்ரூவும் கூடவே திரும்பும், அதனால ஆலன் கீயால அதைப் பிடிச்சுக்கிட்டே நட்டைத் திருகு. ஹெட்டை மேலேருந்து கீழ வரைக்கும் ஓட்டிப் பாரு. ஒரே சீரா கனக்கணும், ஒரு எடத்துல இறுக்கி இன்னொரு எடத்துல தொளதொளன்னு இருக்கக் கூடாது. புது மெஷின்ல கிப் பிசிறோட வரும், ஒரு தடவை வெளிய எடுத்து எண்ணெய்க் கல்லுல தேச்சுப் போட்டா பாதி வேலை முடிஞ்சது.

அப்புறம், 0.1 வெட்டுனாலும் இசட் லாக் போடு. சீவற அச்சைத் தவிர மத்த ரெண்டும் எப்பவும் டைட்.

சத்தம் வேணாம்:

பேரிங்னு சொன்னதுக்கு மன்னிப்பு. போன வருஷம் என் மெஷின்லயும் இதே மாதிரி வந்தது, நான் நிஜமாவே பேரிங்கை மாத்தினேன். மாத்தியும் படி போகல. இப்பதான் ஏன்னு தெரியுது.

இரும்புத்தூள்:

கிப்பைக் கழட்டினேன். ஒரு முகம் பூரா ஃபைல் கோடு, ஓரத்துல நகத்தைக் கீறற அளவுக்குப் பிசிறு. தேச்சுப் போட்டு, திருகி, மறுபடி திருகி, இரண்டு மணி நேரம் போச்சு. இப்ப லாக் லூஸ் 0.04, டைட் 0.03. அந்த மீதி 0.03ஐயும் எடுக்கணுமா? ஹெட் இடம் வலமாத்தான் சாயுது, முன் பின் சாய்க்க வழியே இல்ல.

அரை மில்லி:

வழி காலத்தோட அடியில இருக்கு. முன்பக்கம் முள் கூடுதல்னா கட்டர் முன்னாடி தாழ்ந்திருக்கு, காலம் முன்னாடி சாஞ்சிருக்கு. காலத்தோட அடித்தட்டுல முன் போல்ட்டுக்குக் கீழ ஷிம் (மெல்லிய தகடு) வைக்கணும். போல்ட்டுக்குப் போல்ட் முன் பின் தூரம் 120ன்னு வச்சுக்கிட்டா, 0.03ஐ 120ஆல பெருக்கி 140ஆல வகுங்க, சுமார் 0.026 கனத்துல ஷிம். அலுமினியத் தாளை மைக்ரோமீட்டர்ல அளந்து மடிச்சுப் போடலாம். போல்ட்டை டைட் பண்ணிட்டு மறுபடி அளக்கணும், ஒரே தடவையில வராது.

பழைய ஃபிட்டர்:

தொடாத. 140க்கு 0.03ன்னா உன் 35 நகர்த்தலுக்குப் படி 0.008 கூட வராது. ஃபிக்ஸர் பிளேட்டுக்கு அது போதும். காலத்து போல்ட்டைத் தளர்த்தினா இடம் வலமும் கலைஞ்சிடும், திரும்ப முதல்லேருந்து. என்னிக்காவது காலத்தைக் கழட்ட வேண்டி வந்தா அன்னிக்கு ஷிம் போட்டுக்கோ.

அரை மில்லி:

நானா இருந்தா போடுவேன். ஆனா ஃபிட்டர் அண்ணன் சொல்றதுதான் சரின்னும் தெரியுது.

பழைய ஃபிட்டர்:

இன்னொண்ணு தம்பி. டி-நட் நீயே செஞ்சேன்னு சொன்ன. டேப் (மரை வெட்டற கருவி) அடி வரைக்கும் ஓடியிருக்கா?

இரும்புத்தூள்:

ஆமாங்க ஐயா, ஊடுருவ எம்10. ஸ்லாட் 12. பிளேட்டை ஆலன் போல்ட் நாலு போட்டு, தலை உள்ள இறங்கற மாதிரி குடைஞ்சு, அந்த டி-நட்டுலதான் பிடிச்சிருக்கேன்.

பழைய ஃபிட்டர்:

போல்ட் நீளத்தை இப்பவே அளந்துக்கோ. டி-நட்டைத் தாண்டி போல்ட் முனை ஸ்லாட் அடியைத் தொட்டுச்சுன்னா, திருகத் திருக போல்ட் கீழ உதைக்கும், நட் மேல ஏறும். பிளேட் டைட்டான மாதிரி கைக்குத் தெரியும், ஆனா விரிசல் விடறது டேபிளோட ஸ்லாட் உதடு. வார்ப்பிரும்பு வளையாது, பொட்டுன்னு பேத்துக்கிட்டு வரும். டி-நட்டைத் திருப்பி அடிப்பக்கம் மரை ஓரத்துல சென்டர் பஞ்சால மூணு இடத்துல தட்டி விடு. மரை நசுங்கி போல்ட் அதுக்கு மேல இறங்காது.

இரும்புத்தூள்:

அளந்தேன். ஒரு போல்ட் 2 மி.மீ. வெளிய நீட்டிக்கிட்டு இருந்தது. நல்ல வேளை அதை இன்னும் முழுசா டைட் பண்ணல. எட்டு நட்டையும் பஞ்ச் பண்ணியாச்சு.

கடைசியா ஒண்ணு. இதே பிளை கட்டரை எம்.எஸ். (மென் எஃகு) பட்டையில ஓட்டினேன், வேகம் நிமிஷத்துக்கு 500 சுத்து. இரண்டு ஓட்டுக்குள்ள பிட் முனை நீலமாயிடுச்சு. ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட்தான், அலுமினியத்துல இதே வேகத்துல ஒண்ணும் ஆகல.

அரை மில்லி:

60 விட்டம், ஒரு சுத்துக்கு 188 மி.மீ. 500 சுத்துன்னா நிமிஷத்துக்கு 94 மீட்டர். அலுமினியத்துல ஹெச்எஸ்எஸ் அதைத் தாங்கும். எம்.எஸ்.ல 25லேருந்து 30 மீட்டர்தான், அதாவது 140, 150 சுத்து. அவ்வளவு கீழ உங்க மோட்டார் இழுக்குமா பாருங்க. இழுக்கலைன்னா பிட்டை உள்ள தள்ளி சுத்து விட்டத்தைக் குறைங்க.

பழைய ஃபிட்டர்:

நீலமான முனை மழுங்கியிருக்கும், அப்படியே ஓட்டாத. கூர் வர்ற வரைக்கும் சாணை பிடி. பிட் சூடாக சூடாகத் தண்ணியில நனைச்சுக்கோ.

இரும்புத்தூள்:

பிளேட் முடிஞ்சது. லாக் போட்டு நாலு ஓட்டு. நகத்தை முன்னயும் பின்னயும் இழுத்துப் பார்த்துட்டேன், எங்கேயும் மாட்டல. நாளைக்கு ஓட்டை மார்க் பண்ணப் போறேன், 25 மி.மீ. இடைவெளி. டேபிள் ஹேண்டில் டயலை நம்பி எண்ணலாமா, இல்ல பேக்லாஷ் கழிக்க எப்பவும் ஒரே திசையிலேருந்துதான் வரணுமா?

பழைய ஃபிட்டர்:

ஒரே திசை. தாண்டிப் போயிட்டா அரைச் சுத்து பின்னாடி வந்து மறுபடி முன்னாடி போ. ஒவ்வொரு ஓட்டையையும் முதல்ல சென்டர் ட்ரில்லால (குட்டையான, வளையாத ட்ரில்) ஆரம்பி.