நம்ம வீடு குழு: அம்மாச்சி விழுந்த அன்று

திருச்சி மாமா: அம்மா காலையில் பாத்ரூமில் விழுந்துவிட்டார்கள். பயப்பட வேண்டாம், எக்ஸ்ரே எடுத்தாச்சு, முறிவு இல்லை.

பெரியம்மா: ஐயோ முருகா

பெரியம்மா: ஏன் உடனே போன் பண்ணவில்லை தம்பி

திருச்சி மாமா: ஆஸ்பத்திரியில் இருந்தேன் அக்கா

அத்தை: வழுக்கவில்லை. உட்கார்ந்து எழும்போது கால் தாங்கவில்லை. தரை காய்ந்துதான் இருந்தது, நானே துடைத்தேன்.

கோவை சித்தி: அண்ணி, உங்களை யாரும் சொல்லவில்லை

நான்: டாக்டர் என்ன சொன்னார் மாமா?

திருச்சி மாமா: தொடையில் வலுவே இல்லையாம். பத்து நாள் ஓய்வு, அப்புறம் பிசியோ. யோகாவும் மெதுவாகச் செய்யலாம் என்றார்.

கோவை சித்தி: இதைத்தான் நான் மூன்று வருடமாகச் சொல்கிறேன். யோகா என்றால் உடம்பை வளைப்பது என்றே நினைக்கிறோம், வலுவும் அதில்தான் இருக்கிறது. உத்கடாசனம் என்பது நாற்காலியில் உட்காரப் போய்ப் பாதியில் நிற்பதுதான். தொடை மொத்தப் பாரத்தையும் வாங்கும், ஐந்து மூச்சு நின்றாலே நடுங்கும். அம்மாவுக்கு அதுகூட வேண்டாம். சுவரோடு ஒட்டிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, பாதத்தைப் பின்னால் இழுத்து, நெஞ்சை முன்னால் கொண்டுவந்து, கை ஊன்றாமல் எழ வேண்டும். முடியாவிட்டால் அடியில் தலையணை வைத்து உயரமாக்குங்கள், பழகப் பழக எடுத்துவிடலாம்.

பெரியம்மா: சரி

தம்பி: சிரசாசனம் மாமா சொல்லித் தருவாரா 😄

பெரியம்மா: தலைகீழாக நின்று உடைத்த ஊறுகாய் ஜாடியை மறக்க முடியுமா! மூன்று படி மாங்காய்!

திருச்சி மாமா: அக்கா, அப்போது எனக்குப் பதினாறு வயது

கோவை சித்தி: விளையாட்டுக்குக்கூட அம்மா முன்னால் அதைப் பேசாதீர்கள். பிரஷர் இருப்பவர்களுக்குத் தலைகீழ் ஆசனமே ஆகாது, மூச்சை அடக்கவும் கூடாது. எலும்பு தேய்ந்திருந்தால் முதுகை வளைத்து முன்னால் குனியக் கூடாது.

அத்தை: யார் பக்கத்தில் நின்று செய்ய வைப்பது? எனக்குக் காலையில் சமையல், டிபன் பாக்ஸ்.

பெரியம்மா: பேசாமல் அம்மா ஒரு மாதம் கோவையில் இருக்கட்டுமே

அத்தை: மூன்று வருடமாக இங்கேதானே இருக்கிறார்கள். அப்போதெல்லாம் யாருக்கும் தோன்றவில்லை.

திருச்சி மாமா: இப்போது அந்தப் பேச்சு வேண்டாம்

தம்பி: 🙏

பெரியம்மா: 25ஆம் தேதி வளைகாப்புக்கு அம்மா வர முடியுமா? வளையல் யார் வாங்குவது?

நான்: பெரியம்மா, அதைத் தனியாகப் பேசலாம்

கோவை சித்தி: அண்ணி, நீங்கள் பார்க்கிற அளவுக்கு அம்மாவை நான் பார்த்ததில்லை, அது எனக்குத் தெரியும். டாக்டர் சரி என்றதும் காலை 7 மணிக்கு நானே வீடியோவில் வருகிறேன், பக்கத்தில் ஒருவர் நின்றால் போதும். எங்கள் ஊர் நானம்மாள் பாட்டி தொண்ணூறு தாண்டியும் ஆசனம் சொல்லிக் கொடுத்தவர், 2018இல் பத்மஸ்ரீ வாங்கினார்.

அத்தை: அவர் சின்ன வயதிலேயே பழகியவர். உங்கள் அம்மாவுக்கு 74.

கோவை சித்தி: உண்மைதான். அந்த மாதிரி ஆசனம் வேண்டாம் அண்ணி. கட்டிலில் படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைக் கொஞ்சம் தூக்கும் சேதுபந்தாசனம், சுவரைப் பிடித்து ஒரு காலில் பத்து எண்ணிக்கை, கணுக்காலைச் சுற்றுவது, தோளை உருட்டுவது. வலு இருந்து மூட்டு மடங்காவிட்டாலும் விழுவோம், மூட்டு மடங்கி வலு இல்லாவிட்டாலும் விழுவோம். அம்மா தானாக எழுந்து பாத்ரூம் போய்வர வேண்டும், எனக்கு அதுதான் வேண்டும்.

அத்தை: வீடியோ என்றால் சரி. 7 மணி முடியாது, பத்து மணிக்குப் பார்க்கலாம்.

கோவை சித்தி: பத்துக்கு நான் ஆபீஸில் இருப்பேன் அண்ணி

திருச்சி மாமா: ஞாயிற்றுக்கிழமை பேசுவோம்

நான்: பாத்ரூமில் கைப்பிடி போட வேண்டும் என்று பொங்கலுக்கே சொன்னோமே மாமா

திருச்சி மாமா: ஆள் வருகிறேன் என்றான், வரவில்லை

தம்பி: நான் கடையில்தான் நிற்கிறேன். 18 அங்குலமா, 24 அங்குலமா?

பெரியம்மா: மாங்காய் வந்திருக்கிறதா பார்