‘ப்ரொஃபேன்’னா கெட்ட வார்த்தையா, இல்ல வேற அர்த்தம் இருக்கா?

ஈசூன்_அப்பா:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு இங்கிலீஷ் வார்த்தையில மாட்டிக்கிட்டேன், தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க. பொண்ணு செகண்டரி திரீ, லிட்ரச்சர் எடுத்திருக்கா. நேத்து ராத்திரி சாப்பிடும்போது ‘ப்ரொஃபேன்’னா என்னப்பான்னு கேட்டா, நான் யோசிக்காம கெட்ட வார்த்தை பேசுறதும்மான்னு சொல்லிட்டேன், ஏன்னா எனக்குத் தெரிஞ்சது அதுதான், ஆபீஸ்ல மெயில்ல அசிங்கமா எதாவது இருந்தா ‘ப்ரொஃபேனிட்டி’ன்னு சிஸ்டமே நிறுத்திரும். அவ சாப்பாட்டுக் கையோட எந்திரிச்சுப் போயி புக்கை எடுத்துட்டு வந்துட்டா. ஷேக்ஸ்பியர் நாடகத்துல ரோமியோ ஜூலியட்கிட்ட முதன்முதலா பேசுற இடம். தகுதியில்லாத என் கையால இந்தப் புனிதமான சன்னதியை ‘ப்ரொஃபேன்’ பண்ணிட்டேன்னாங்கிற மாதிரி ஆரம்பிக்கிறான். இதுல கெட்ட வார்த்தை எங்கப்பா இருக்குன்னு கேக்குறா. போதாக்குறைக்கு வீட்டுக்காரம்மா யூனியில சோஷியாலஜி படிச்சவங்க, எங்க பாடத்துல அது சும்மா சாமி சம்பந்தமில்லாத விஷயம்னுதான் அர்த்தம்னு சொல்றாங்க. ஒரே வார்த்தைக்கு எப்படி மூணு அர்த்தம்? தமிழ்ல பிள்ளைக்கு எப்படிச் சொல்றது?

சொல்தேடி:
அண்ணே, மூணும் சரிதான், மூணுக்கும் வேர் ஒண்ணு. லத்தீன்ல ‘ஃபானும்’னா கோயில், ‘ப்ரோ’ன்னா முன்னாடி. சேர்த்தா ‘ப்ரொஃபானுஸ்’, கோயிலுக்கு முன்னாடி, அதாவது உள்ள சேராம வெளிய இருக்கிறது. அது திட்டே இல்ல, இடத்தைச் சொல்ற வார்த்தை. நம்ம சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலை நினைச்சுக்குங்க, கோபுரத்துக்குக் கீழ வாசப்படி, அந்தப் பக்கம் வெறுங்காலு, இந்தப் பக்கம் செருப்பு, டாக்சி, டூரிஸ்ட் கூட்டம். இந்தப் பக்கம் இருக்கிற அத்தனையும் ‘ப்ரொஃபேன்’. உங்க வீட்ல சொன்ன சோஷியாலஜி அர்த்தம் இதுதான், எமில் துர்க்கைம்ங்கிற பிரெஞ்சுக்காரர் 1912ல எழுதின புத்தகத்துல மதத்துக்கே இலக்கணம் இந்தப் பிரிவை வச்சுத்தான் சொல்றார்.

அப்புறம் இடத்தைக் குறிச்ச சொல் ஆளைக் குறிக்க ஆரம்பிச்சுது. ரோமானியக் கவிஞர் வர்ஜில் எழுதின காவியத்துல தேவி வர்ற நேரத்துல பூசாரிப் பெண், ‘ப்ரொஃபேன்’ ஆளுங்க எல்லாம் தூரப் போங்கன்னு கத்துறா. அவங்க தப்பு பண்ணவங்க இல்ல, தீட்சை வாங்காதவங்க, அவ்ளோதான். ஹோரஸ்னு இன்னொரு ரோமானியக் கவிஞர் இன்னும் ஒரு படி போயி, அந்தக் கூட்டத்தைப் பார்த்தாலே வெறுப்பு, கிட்ட சேக்க மாட்டேன்னு பாடுறார். வெளிய இருக்க வேண்டியதை உள்ள கொண்டுபோயி வைக்கிறது புனிதத்தைக் கெடுக்குறதுன்னு ஆச்சு. ரோமியோ சொல்றது அதைத்தான், அவ கை சன்னதி, என் கை வெளிய நிக்க வேண்டியது.

இன்னொண்ணு, அதே ‘ஃபானும்’ல இருந்து வந்ததுதான் ‘ஃபனாட்டிக்’. கோயில்ல தெய்வம் ஏறி ஆடுறவங்களை ரோமாபுரியில அப்படிச் சொன்னாங்க, நம்ம சாமியாடி மாதிரி. அதைச் சுருக்கித்தான் ‘ஃபேன்’. நடிகருக்கு ஃபேன்னு சொல்றோமே, அதுக்குள்ளயும் கோயில் இருக்கு.

தேக்கா_வாசகன்:
கெட்ட வார்த்தைங்கிற அர்த்தம் எப்படி வந்துச்சுன்னு நான் சொல்றேன், இந்தப் பகுதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தக் காலத்து இங்கிலாந்துல கோவத்துல வாயில வந்ததெல்லாம் சாமி பேரு. கடவுளோட காயத்து மேல, கடவுளோட ரத்தத்து மேல ஆணைன்னு சொல்லுவாங்க. இப்பவும் பாருங்க இங்கிலீஷ்ல ‘ஸ்வேர்’னா சத்தியம் பண்றதும் அதுதான், அசிங்கமாத் திட்டுறதும் அதுதான். சாமி பேரை வாசப்படி தாண்டி தெருவுக்கு இழுத்துட்டு வர்றதுனால அது ‘ப்ரொஃபேன்’ பேச்சு. 1606ல பார்லிமெண்ட்ல சட்டமே போட்டாங்க, நாடகத்துல கடவுள் பேரை விளையாட்டுக்கோ ‘ப்ரொஃபேன்’ ஆகவோ சொன்னா 10 பவுண்டு அபராதம். ஷேக்ஸ்பியரோட ஒத்தெல்லோ நாடகத்தோட 1622 பதிப்புல இருக்கிற நிறைய ஆணைகள் 1623ல வந்த அவரோட பெரிய நாடகத் தொகுப்புல காணோம். உங்க பொண்ணுகிட்ட இதைச் சொல்லுங்க, லிட்ரச்சர் டீச்சருக்கும் பிடிக்கும். காலப்போக்குல சாமி பேரு போயி, உடம்பைப் பத்தின அசிங்க வார்த்தைகள் அந்த இடத்துக்கு வந்துருச்சு, பேரு மட்டும் மாறல. உங்க ஆபீஸ் சிஸ்டம் தடுக்குறது அந்தக் கடைசி அர்த்தத்தை.

பொத்தோங்பாசிர்_அக்கா:
தம்பி, நல்ல கேள்வி கேட்டீங்க. ஆனா ஒரு விஷயம், பிள்ளைக்குத் தமிழ்ல சொல்றேன்னு ‘தீட்டு’ன்னு மட்டும் சொல்லிக் குடுத்துராதீங்க. எங்கம்மா மாசத்துல அந்த நாள்ல கோயிலுக்குள்ள வர மாட்டாங்க. என்னையும் தங்கச்சியையும் உள்ள அனுப்பிட்டு ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் கடைங்க முன்னாடி இருக்கிற அஞ்சடி வழி நடைபாதையில நின்னு, கைப்பையை ரெண்டு கால் நடுவுல வச்சுக்கிட்டு கோபுரத்தைப் பார்த்துக் கும்பிடுவாங்க. அவங்க எந்தப் புனிதத்தைக் கெடுத்தாங்க? சொல்தேடி எழுதினதைப் படிச்சதும் எனக்கு அம்மா நின்ன இடம்தான் ஞாபகம் வந்துச்சு, அப்புறம் நந்தனார். திருப்புன்கூர்ல வெளிய நின்னவருக்காக சாமி நந்தியவே விலகச் சொன்னாருன்னு பெரியபுராணத்துல வருது. கோபுர தரிசனம் கோடி புண்ணியம்னு நாம சொல்றதும் வெளிய நிக்கிறவங்களுக்காகத்தானே. லத்தீன்காரங்க வெளிய நிக்கிறவங்களை விரட்டினாங்க, நம்மாளுங்களும் விரட்டினாங்க, ஆனா நம்ம கதையில நந்தி நகருது. ரோமியோ வரிக்கு ‘மாசுபடுத்துறது’ போதும், சாமியைப் பழிக்கிறதுக்கு ‘நிந்தனை’ இருக்கு.

சொல்தேடி:
அக்கா சொல்றது சரி, ‘தீட்டு’ வேண்டாம். சோஷியாலஜி அர்த்தத்துக்கு ‘உலகியல்’. நிந்தனையிலயும் ஒண்ணு சேர்த்துக்குங்க, நம்ம ஊர்ல நிந்தா ஸ்துதின்னு, திட்டுற மாதிரியே சாமியைப் புகழ்ற தனி வகையே இருக்கு, காளமேகப் புலவர் அதுல பேர் போனவர். சுந்தரர் சிவனைப் பித்தன்னு ஏசினார், அதையே முதல் சொல்லா வச்சுப் பாடுன்னு சாமி கேட்டுச்சு. அதனால மரியாதை இல்லாத பேச்சு எல்லாமே ‘ப்ரொஃபேன்’ இல்ல, சுந்தரர் திட்டினது உள்ள நின்னு உரிமையோட திட்டினது.

ஈசூன்_அப்பா:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். இன்னிக்குக் காலையில எம்ஆர்டி ரயில் நிலையம் வரைக்கும் நடந்து போறப்ப பொண்ணுகிட்ட வாசப்படிக் கதையைச் சொன்னேன், உடனே அப்ப ரோமியோ வாசல்ல நின்னு உள்ள வரலாமான்னு கேக்குறானான்னு கேட்டா. நான் இதை யோசிக்கவே இல்ல. 10 பவுண்டு அபராதத்தை நோட்டுல குறிச்சுக்கிட்டா. அக்கா, உங்கம்மா கதையை அவகிட்ட படிச்சுக் காட்டலாமா? வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போறோம், அதுக்கு முன்னாடி அவளுக்குத் தெரியணும்னு நினைக்கிறேன்.

பொத்தோங்பாசிர்_அக்கா:
தாராளமா காட்டுங்க தம்பி. எதிர்ப்பக்கம் போயி ஒரு நிமிஷம் நிக்கச் சொல்லுங்க, அங்கருந்து கோபுரம் முழுசாத் தெரியும்.