வயலுக்குள்ள வழி தப்பினவங்க யாராச்சும் இருக்கீங்களா?

என்னிஸ்வாசி:
அயர்லாந்து, கிளேர் கவுண்டிக்கு வந்து ஆறு வருஷம். வீட்டுக்குப் பின்னாடி மாட்டு வயல். அதுக்கு நடுவுல இடுப்பு உயரத்துக்கு வட்டமா ஒரு மண் கரை, கரை மேல ஹாதார்ன் முள்மரம். ஃபேரி ஃபோர்ட்ம்பாங்க, ஃபேரிங்கிற மாய ஜனங்களோட கோட்டைன்னு அர்த்தம். போன நவம்பர்ல குறுக்குவழின்னு அதுக்குள்ள இறங்கி வந்தேன். அந்தி நேரம், லேசா பனி. வயலைத் தாண்ட ரெண்டு நிமிஷம்கூட ஆகாது. இருபது நிமிஷம் வேலியை ஒட்டியே நடக்கிறேன், கேட்டைக் காணோம்! நீலக் கயிறு போட்டுக் கட்டின இரும்பு கேட், தினம் திறக்கிறதுதான். அதே தண்ணித்தொட்டி மூணு தடவை வந்துது. அப்புறம் பார்த்தா கேட் கைக்குப் பக்கத்துலயே இருக்கு.

வயல்கார பெரியவர்கிட்ட சொன்னேன். சிரிக்கலை. "போட்டிருந்த கோட்டைக் கழட்டி, உள்பக்கம் வெளியே வர்ற மாதிரி திருப்பி மாட்டியிருக்கணும்"னார். "ஸ்ட்ரே சாட்"னு பேராம், மிதிச்சா வழி மறக்கிற புல்தரை. ஃபேரிங்கிற வார்த்தை அவர் வாயில வரவே இல்லை. "நல்லவங்க"ன்னுதான் சொன்னார்.

லாரிக்காரன்:
எனக்கு அப்படி எதுவும் நடக்கலை. ஆனா இதே கிளேர்ல லாட்டூன் பக்கம் மோட்டார்வே ஓரமா ஒத்தை முள்மரத்தை தினம் பார்க்கிறேன். 1999-ல ரோடு போட அதை வெட்டப் பார்த்தாங்க. கதைசொல்லி எடி லெனிஹன், கெர்ரி ஃபேரிகள் கன்னாட் ஃபேரிகளோட சண்டைக்குப் போறப்ப கூடுற இடம்னு சொல்லி மல்லுக்கு நின்னார். மரம் தப்பிச்சுது. 2002-ல யாரோ ராத்திரியோட ராத்திரியா கிளையெல்லாம் அறுத்துட்டாங்க. திரும்பத் துளிர்த்துடுச்சு.

கார்க் அண்ணாச்சி:
தம்பி, பனியில நான் சூப்பர்மார்க்கெட் பார்க்கிங்லயே தொலைஞ்சிருக்கேன். அந்த வட்டமெல்லாம் கி.பி. 500-லிருந்து 1000 வரைக்கும் குடியானவங்க மாட்டோட இருந்த வீட்டு வளைவு. நாடு முழுக்க 40,000-க்கு மேல இருக்கு. சிலதுல அடியில கல்லுச் சுரங்கம் உண்டு.

ஆனா ஒண்ணு. ஞானஸ்நானம் ஆகாம செத்த பச்சைக் குழந்தைங்களைக் கல்லறைத் தோட்டத்துல சேர்க்க மாட்டாங்க அந்தக் காலத்துல. அதுல பல குழந்தைங்களை இந்த மாதிரி வட்டத்துக்குள்ளதான் புதைச்சாங்க. அதனாலதான் கேக்கிறேன், உங்க பெரியவர் பேச்சை மாத்தினாரா?

என்னிஸ்வாசி:
ஆமா அண்ணாச்சி. உடனே மழையைப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டார். அதுக்கப்புறம் நான் சுத்திதான் போறேன்.