பேராமையையும் கஞ்சிப்பாசியையும் எதை வைத்து ஒப்பிடுவது?

கேள்வி: குடியாத்தம் ஆசிரியை

வணக்கம். பதினொன்றாம் வகுப்பில் பாசிகளைப் பற்றி நடத்தும்போது, கஞ்சிப்பாசி சிவப்புப் பாசி வகையைச் சேர்ந்தது என்றேன். உடனே ஒரு மாணவி, "விலங்கான ஆமைக்குப் பச்சை ஆமை என்று பெயர், பாசிக்குச் சிவப்பு என்று பெயரா?" என்று கேட்டாள். எங்கள் பிள்ளைகளுக்குப் பாசி என்றால் ஏரித் தண்ணீரில் படியும் பச்சைப் படலம்தான். நிறத்தைத் தாண்டி இவ்விரண்டையும் எப்படி ஒப்பிட்டு விளக்குவது?

பதில்: தாவரவியல் பயின்றவர், வேலூர்

அந்த மாணவியின் கேள்வியிலிருந்தே தொடங்குங்கள். மிக நல்ல கேள்வி. மன்னார் வளைகுடாப் பகுதியில் பேராமை எனப்படும் பச்சை ஆமையின் ஓடு பெரும்பாலும் பழுப்பு கலந்தே இருக்கும். உள்ளேயுள்ள கொழுப்பு பசுமையாக இருப்பதால்தான் அதற்கு அந்தப் பெயர் வந்தது. கஞ்சிப்பாசியிலோ பச்சையம் இருந்தும், பைக்கோஎரித்ரின் என்னும் சிவப்பு நிறமி அதை மறைத்துவிடுகிறது. பாசி ஒளியைக் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்கிறது; ஆமை அத்தகைய பாசிகளைத் தின்று வாழ்கிறது.

பதில்: காட்பாடி வாசகர்

மேலே உள்ள பதிலில் ஒரு திருத்தம் தேவை. வளர்ந்த பேராமை பாசியை மட்டுமன்றிக் கடற்புல்லையும் பெருமளவில் மேய்கிறது. கடற்புல் வேரும் பூவும் உடைய தாவரம். கஞ்சிப்பாசிக்கு அவை இல்லை, பாறையைப் பிடித்துக்கொள்ள ஒரு பற்றுறுப்பு மட்டுமே உண்டு.

என் கருத்தில், ஒப்பிடுவதற்கு மிகச் சுவையான இடம் இனப்பெருக்கம். பேராமை ஒரு குழியில் ஏறத்தாழ நூறு முட்டைகள் இடும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே தீர்மானிப்பதால், சூடு ஏற ஏறப் பெண் குஞ்சுகள் மிகுகின்றன. கஞ்சிப்பாசியிலும் ஆண், பெண் உடலங்கள் தனித்தனியே உள்ளன; ஆனால் சிவப்புப் பாசிகளின் ஆண் செல்லுக்கு நீந்த உதவும் கசையிழை கிடையாது என்பதால், கடல்நீர்தான் அதைப் பெண்ணிடம் கொண்டு சேர்க்க வேண்டும். அவற்றோடு, ஸ்போர் எனப்படும் வித்துகளை உண்டாக்கும் மற்றொரு தலைமுறையும் அதன் வாழ்க்கைச் சுழற்சியில் இடம்பெறுகிறது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. வகுப்பில் தொட்டுக் காட்ட ஏதேனும் கிடைக்குமா?

பதில்: மேல்விஷாரம் வாசகர்

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கடலாமைகளைக் காப்பதால், ஆமைக்குப் படம்தான் வழி. பாசிக்கு மளிகைக் கடைக்குப் போனால் போதும். நோன்புக் காலத்தில் எங்கள் வீடுகளில் காய்ச்சி ஆறவைக்கும் கடல்பாசி, சிவப்புப் பாசிகளிலிருந்து எடுக்கப்படும் அகார்தான். ஒரு பொட்டலம் வாங்கி, மாணவர்களின் முன்னே வெந்நீரில் கரையும்வரை கொதிக்கவைத்துத் தட்டில் ஊற்றிவிடுங்கள். பாடம் முடிவதற்குள் உறைந்துவிடும்.