மாத்திரையை நிறுத்திவிட்டுத் தோட்டத்துக்குப் போனால் மனச்சோர்வு சரியாகுமா?

திருப்பூர் மருமகள்:
வணக்கமுங்க. என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சில மாதமாகவே யாரிடமும் பேச்சில்லை, சோறு இறங்குவதில்லை, விடிவதற்கு ரொம்ப முன்னாடியே முழித்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருக்கிறார். மனநல மருத்துவர் மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார், இப்போதுதான் இரண்டாவது வாரம். மாமனாரோ "மாத்திரையெல்லாம் வேண்டாஞ்சாமி, காங்கேயம் தோட்டத்துச் சாளை வீட்டில் ரெண்டு மாசம் இருந்தால் தானாகத் தெளிந்துவிடும்" என்கிறார். பாசத்தில்தான் சொல்கிறார். நான் எதைக் கேட்பது?

கோபி நர்ஸ்:
அக்கா, தோட்டத்துக்குத் தாராளமாகக் கூட்டிப் போங்க, மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீங்க. அது வேலை செய்ய இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகலாம், ஆனால் வயிற்றுப் புரட்டலும் தூக்கக் கலக்கமும் முதலிலேயே வந்துவிடும், அதில் பயந்துதான் பலர் பாதியில் விடுகிறார்கள். தெளிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். தைராய்டு, பி12, ரத்தசோகை பார்த்தாச்சா? அதிலும் இதே சோர்வு வரும். அப்புறம் ஒன்று, சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லியாகணும். மோட்டார் ரூமில் பூச்சிமருந்து இருந்தால் அவர் போவதற்கு முன்பே வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்க. "இருந்து என்ன ஆகப்போகுது" என்கிற மாதிரி பேச்சு வந்தால் தனியாக விடாதீங்க, சாகணும் என்று தோன்றுகிறதா என நேராகவே கேட்டுவிடுங்க, கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, இலவசம், ராத்திரியும் எடுப்பார்கள்.

வெள்ளோடு பக்கம்:
எனக்கும் இது வந்து மீண்டவன் நான். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டேதான் அம்மா என்னைச் சாயங்காலம் வெள்ளோடு குளத்துக்கு இழுத்துக்கொண்டு போவார். ஆரம்பத்தில் எதுவுமே கண்ணில் படவில்லை. ஒரு நாள் கூழைக்கடாப் பறவை ஒன்று காலை முன்னால் நீட்டித் தண்ணீரில் சறுக்கிக்கொண்டே இறங்கியதைப் பார்த்தேன், தலைக்குள் ஓயாமல் ஓடியது கொஞ்ச நேரம் நின்றது. அதுவே பெரிசாக இருந்தது. அவரைச் "சந்தோஷமாக இரு" என்று நெருக்காதீங்க. தோட்டத்தில் சும்மா விட்டால் கயிற்றுக்கட்டிலில் படுத்து அதே யோசனைதான். காலை வெயிலில் தென்னைக்குத் தண்ணி கட்டுவது, கன்றுக்குச் சோளத்தட்டு போடுவது, இப்படி ஏதாவது ஒரு சின்ன வேலை, தினமும் ஒரே நேரத்தில், கூடவே ஒருத்தர். காலை வெளிச்சம் தூக்கத்தையும் சீராக்கும். காங்கேயம் போக முடியாத நாளில் உங்கள் ஊர் நஞ்சராயன் குளமே போதும். இங்கிலாந்தில் 2019இல் வந்த ஆய்வில் வாரத்துக்கு 120 நிமிடமாவது பசுமையில் இருந்தவர்களே தேவலையாக உணர்ந்தார்கள், ஒரே நாளிலா பிரித்தா என்பதில் வித்தியாசமில்லை.

திருப்பூர் மருமகள்:
ரொம்ப நன்றிங்க. பூச்சிமருந்து பற்றி மாமனாரிடம் இன்றைக்கே பேசுகிறேன். ரத்தப் பரிசோதனை இன்னும் எடுக்கவில்லை, டாக்டரிடம் கேட்கிறேன். சனி ஞாயிறு சாளைக்குப் போகிறோம், மாத்திரை என் பையில்தான் இருக்கும்.